எருமைக்கு எட்டு வரி

மரத்தரையில் ரப்பர்ச் சில்லு உருளும் சத்தம் ஒரு மாதிரி. மாபிள் தரையில் அது வேறு மாதிரி. தார் போட்ட முற்றத்தில் இன்னொரு மாதிரி. சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு, இந்த மூன்று சத்தங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நான் காதால் மட்டும் கேட்ட சனிக்கிழமை ஒன்று உண்டு.

இடம், பீலெஃபெல்ட் நகரில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். நேரம், காலை பத்து மணி இருபது நிமிடம். என் மூக்குக்கு நேரே, பிள்ளைகள் ஏறிப் பயிற்சி செய்வதற்காகச் சுவரில் அறைந்த மரச் சட்டங்கள். பழைய வியர்வையும் புது மெழுகும் கலந்து மணத்தன. எனக்குப் பின்னால், அந்தப் பாடசாலையைத் துப்புரவு செய்யும் மூன்று பேர் வாய் திறக்காமல் நின்றார்கள். டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த கார்த்திக் என்ற இந்தியத் தமிழ்ப் பொறியியலாளர், நான் எழுதிய ஆறு வரித் தாளை வாசித்து வாசித்துத் தரை கழுவும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் அந்த இயந்திரத்தை அதற்கு முன் கண்டதில்லை. தாளை மட்டும் நம்பி ஒருவர் அதை ஓட்ட முடியுமா என்று பார்க்கும் சோதனை அது.

இயந்திரம் மண்டபத்தின் நீளத்தைக் கடந்தது. வாசலின் இரும்புத் தகட்டில் இரண்டு தரம் தட்டியது. பிறகு நடைபாதையின் மாபிள். பிறகு, தரை காயட்டும் என்று ஆப்பு வைத்துத் திறந்து விட்டிருந்த வெளிக்கதவு. பிறகு தார். வெளியே தூறல். தாரில் தூரிகை உரசியபோது எனக்குப் பல் கூசியது.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது நாங்களே போட்ட விதி. நான் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் விதி.

கடைசியில் விதியை மீறியவர் யோகன்.

"அண்ணை, பெடியன் கேற்றடிக்குப் போயிட்டான். அங்கால பஸ் ஸ்ரொப்."

தேதி இல்லாத ஒரு விளக்கம்

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். தேதி, கிழமை, நேரம், வானிலை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைப்பவன் நான். ஆனால் போன கிழமை பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். வாசகர்கள் என் தேதிகளில் தடுக்கி விழுகிறார்களாம். மாதம்கூட வேண்டாம், மழையா வெயிலா என்று சொன்னால் போதும் என்றார்.

ஆகவே சொல்கிறேன். இது தூறல் காலத்தில் நடந்தது. கொப்பி என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். தேத்தண்ணியும் உண்டு.

நுரை

அந்தப் பாடசாலையில் துப்புரவு வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் றெஜினா. மன்னார்க்காரி. பல வருடம் வாளியும் துடைப்பமுமாக நின்று, பிறகுதான் பொறுப்பாளர் ஆனவர். அந்தப் பதவியின் அடையாளம் அவருடைய இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து. முப்பத்தேழு சாவிகள். எண்ணியவன் நான். அவர் நடந்து வந்தால் இரண்டு மாடிக்கு அப்பாலேயே தெரியும். அவருக்குக் கீழே இரண்டு பேர். ஜேர்மன் நன்றாகப் பேசும் செல்வமலர் ஒருவர். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் யோகன் மற்றவர்.

தரை கழுவும் இயந்திரத்துக்கு எருமை என்று பெயர் வைத்ததும் யோகன்தான். கறுப்பு நிறம், ஆறின நடை, தண்ணீர் குடிக்கும் அளவு எல்லாவற்றையும் பார்த்து வைத்த பெயர்.

யோகன் லீவில் நின்ற ஒரு நாள் பதிலுக்கு ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், அவரும் இந்தப் பத்திரிகை வாசிப்பவர். பேர்லின் நொய்கெல்னில் உணவகங்களின் சமையலறைகளில் நின்ற மனிதர். றெஜினா அவரிடம் எருமையைக் காட்டி, தண்ணியும் மருந்தும் அளவா விடுங்கோ என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போய்விட்டார். இருநூறு பேருக்குச் சமைத்த பாத்திரங்களைக் கழுவியவருக்கு அளவு என்றால் அந்த அளவு. சவர்க்கார மருந்தைப் போத்தலோடு கவிழ்த்தார்.

உடற்பயிற்சி ஆசிரியர் மண்டபக் கதவைத் திறந்தார். முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றது. அதன் நடுவில் எருமை தலையை மட்டும் காட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றியது. ஆசிரியர் கதவை மறுபடி மூடினார். சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் திறந்து பார்த்தாராம், போயிருக்குமோ என்று.

துப்புரவு நிறுவனம் றெஜினாவைக் கூப்பிட்டது. வேலை செய்பவர்களுக்கு விளங்கும் மொழியில் எழுதிய அறிவுறுத்தல் ஒன்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கியிருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. மாதம் முடிவதற்குள் அப்படி ஒரு தாள் எழுதி, பாதுகாப்பு அதிகாரியின் முன்னிலையில் ஒருவர் அதை வாசித்து இயந்திரத்தை ஓட்டிக்காட்ட வேண்டும். இல்லையென்றால் சாவிக்கொத்து வேறொரு பாடசாலையின் பொறுப்பாளருக்குப் போகும். றெஜினா வாளிக்குத் திரும்புவார்.

நகரத்தில் எழுதத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர்கள் எல்லாவற்றிலும் என் கட்டுரை உண்டு. றெஜினா என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துப் பொத்திப் பிடித்திருந்தார்.

பதினொரு பக்கம்

எனது முதற்படி பதினொரு பக்கம். தரை என்பது என்ன என்று தொடங்கினேன். சாணம் மெழுகியதிலிருந்து சீமெந்து, பளிங்கு, பலகை என்று வந்தேன். இயந்திரம் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. முகப்பில் "தொகுத்தவர்" என்று போட்டு என் பெயரைச் சற்றுப் பெரிய எழுத்தில் இட்டிருந்தேன்.

யோகன் தாள்களைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"அண்ணை, இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள தரை தானாக் காய்ஞ்சிடும்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த நேரமும் கொப்பியில் இருக்கிறது. ஆனால் அன்று வீடு திரும்பும் பஸ்ஸில், பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை செய்த தொழிற்சாலை நினைவுக்கு வந்தது.

விரல் காட்டிய மனிதர்

அது ஆணிகளும் திருகாணிகளும் செய்யும் இடம். நான் பொதி கட்டும் பகுதியில் நின்றேன். அங்கே ஒரு பெண்மணி வருவார். எந்த இயந்திரத்தையும் தொடமாட்டார், திருத்தமாட்டார். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தபடி நிற்பார். உளவு பார்க்க வந்தவர் என்று நாங்கள் முதலில் பயந்தோம். இயந்திரங்களுக்கு அறிவுறுத்தல் எழுதுவதுதான் அவருடைய உத்தியோகம் என்று பிறகு தெரிந்தது.

ஜேர்மனியில் அதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது. அதற்குப் படிப்பும் சங்கமும் கூட்டங்களும் இருக்கின்றன. எனக்கு அது பெரிய புதுமையாகப் பட்டது. எங்கள் ஊரில் ரேடியோப் பெட்டியோடு வரும் தாளை யாரோ ஒருவர் எழுதியிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அது பெட்டிக்குள் தானாக முளைத்தது என்றுதான் எண்ணியிருந்தேன்.

ஒரு இடைவேளையில் அவர் சொன்ன கதை இது. அவருடைய சக தொழிலாளர்கள் ஒரு விடயத்தைப் பற்றி மூன்று கூட்டங்கள் வாதிட்டார்களாம். ஆபத்து எச்சரிக்கையைச் செயலுக்கு முன் எழுதுவதா, பின் எழுதுவதா? முதற்கூட்டத்தில் தர்க்கம். இரண்டாம் கூட்டத்தில் மேற்கோள்கள். மூன்றாம் கூட்டத்தில், அதுவரை பேசாமல் இருந்த ஒருவர் எழுந்து தன் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டினார். அதில் மேல் கணு இல்லை. எச்சரிக்கையை அவர் செயலுக்குப் பின்தான் வாசித்திருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கைகளைப் பைக்குள் விடுவது ஏன் என்றும் கேட்டேன். எழுதியவர் உதவி செய்யத் தொடங்கினால் தாளின் பிழை தெரியாமல் போய்விடும், அதனால் தன் கைகளைத் தானே கட்டிப்போடுவதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு அது விளங்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று பேரும் சித்தி

பதினொரு பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன். ஒரு வரியில் ஒரு வேலை. மொத்தம் ஆறு வரி. மின்னேற்றும் வயரைக் கழற்றவும். தண்ணீரும் மருந்தும் அளவாக விடவும். தூரிகையை இறக்கவும். பின்பக்க ரப்பரை இறக்கவும். சாவியைத் திருப்பவும். பிடியை அழுத்தி நேராகத் தள்ளிக்கொண்டு நடக்கவும்.

றெஜினாவும் செல்வமலரும் யோகனும் தனித்தனியே தாளைக் கையில் வைத்துக்கொண்டு எருமையை ஓட்டினார்கள். மூவரும் சோதனையில் சித்தி பெற்றார்கள். தாள் எப்படி என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, நல்லா விளங்குது," என்றார் செல்வமலர்.

நான் அன்று மிக நல்ல மனநிலையில் வீட்டுக்குப் போனேன். அங்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தால், ஐந்து வரிதான் இருந்தது. பிரதி எடுத்தபோது தாள் குறுக்கே மடிந்து, சாவியைத் திருப்பும் வரி காணாமல் போயிருந்தது. சாவியைத் திருப்பாமல் எருமை ஒரு அங்குலமும் நகராது. மூன்று பேர் ஓட்டினார்கள். மூன்று பேரும் நன்றாக விளங்குகிறது என்றார்கள்.

அடுத்த நாள் கேட்டபோது செல்வமலர் நிலத்தைப் பார்த்தார்.

"ஒரு வரி விட்டுப்போனது தெரியும் அண்ணை. நீங்கள் இவ்வளவு கஸ்ரப்பட்டு எழுதினனீங்கள். உங்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

யோகன் அதைவிட ஒரு படி மேலே போயிருந்தார். வேண்டுமென்றுதான் அந்த வரியை விட்டிருப்பேன், படித்தவர்கள் எழுதினால் அப்படித்தான் என்று எண்ணினாராம்.

எங்கள் ஆட்கள் பிழையான தாளைக் கொண்டும் சரியாக வேலை செய்வார்கள். எழுதியவரின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக எதையும் சரியாகச் செய்வார்கள். கைகளைப் பைக்குள் விட்ட அந்தப் பெண்மணிக்கு இப்படி ஒரு சிக்கல் வந்திருக்காது.

தேத்தண்ணிக் கூட்டம்

துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையில் கூடினோம். வாளிகளைக் கவிழ்த்து இருந்தோம். குளோரின் மணத்துக்குள் செல்வமலர் கொண்டுவந்த மரக்கறி ரோல்ஸின் மணம். நான் குறிப்பெடுத்தேன். சோதனைக்கான விதிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன.

சோதிப்பவர் எருமையைக் கண்டிருக்கக்கூடாது என்பது முதல் விதி. அது சுலபம். சோதிப்பவர் எழுதியவரின் உறவினராக இருக்கக்கூடாது, ஊர்க்காரராக இருக்கக்கூடாது. இதுவும் பரவாயில்லை. எழுதியவர் வீட்டில் சாப்பிட்டிருக்கக்கூடாது என்றார் றெஜினா. அங்கேதான் சிக்கல். சாப்பிட்டவர் உண்மை சொல்லமாட்டார் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. ஆனால் என் மனைவியின் கையால் சாப்பிடாத ஒரு தமிழரை பீலெஃபெல்டில் தேடுவது எப்படி? விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். ஒரு விரலும் மடங்கவில்லை.

சோதனையின்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. பார்த்துக்கொண்டு நிற்பவர்களும் திறக்கக்கூடாது. இதில் யோகன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"வாய் மட்டும் காணாது. அண்ணைக்குப் புருவம் கதைக்கும்."

மற்ற இருவரும் அதை உடனே ஆமோதித்தார்கள். என் புருவத்தைப் பார்த்தே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கண்டுபிடித்துவிடலாமாம். ஆகவே எழுதியவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். எனக்கு எதிரான தீர்மானத்தை நானே குறிப்பெடுத்த ஒரே கூட்டம் அது.

சோதிப்பவர் தானாக வந்து சேர்ந்தார். கார்த்திக் டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்பவர். நிறுவன வேலையாக மூன்று கிழமை பீலெஃபெல்ட் வந்து, யோகன் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். செய்து முடித்த பொருள்களில் பிழை பிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம் என்றதும் றெஜினாவின் முகம் மலர்ந்தது. என் மனைவி மட்டும் கோபித்துக்கொண்டாள். தனியாக இருக்கும் பிள்ளையை ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் வைத்திருக்கிறேன் என்று. விதியை விளங்கப்படுத்தினேன். அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பூட்டிய கேற்

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். கார்த்திக் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துச் செய்தார். இரண்டாம் வரியில், "டேங்க்ல ஆல்ரெடி தண்ணி இருக்கு, ஓகே," என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். அதை நான் கேட்டேன். எதுவும் தோன்றவில்லை. விருந்தாளி ஏன் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று, தண்ணீரையும் மருந்தையும் றெஜினா விடியவே சரியான அளவில் விட்டு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறாம் வரியில் அவர் நேராகத் தள்ளிக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யோகன் பஸ் ஸ்ரொப் என்றதும் றெஜினா ஓடினார். சாவிக்கொத்தின் சத்தம் முற்றத்தைக் கடந்தது. அவர் விதியை மதிப்பவர். கார்த்திக்கிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரை முந்திப் போய், கேற்றை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.

நான் திரும்பி வெளியே போய்ப் பார்த்தபோது, கார்த்திக் பூட்டிய கேற்றின் முன்னால் தூறலில் நின்றார். தூரிகை சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி நிற்பாட்டேல்லை?" என்றேன்.

"டாக்குமெண்ட்ல இல்லையே சார். லாஸ்ட் ஸ்டெப் நடக்கறதுதான்."

"சந்தேகம் வந்தால் கேட்டிருக்கலாமே?"

"கேக்கலாம்னும் எழுதலையே சார்."

முகத்தில் பகிடியே இல்லை. மழைத்துளி வடியும் கண்ணாடியோடு, மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவ்வளவு மரியாதையாக ஒருவரும் என் எழுத்தைக் குறை சொன்னதில்லை.

அன்று தாளில் இரண்டு வரி கூடியது. கடைசியில், சுவருக்கு ஒரு எட்டு முன்னால் நிற்பாட்டவும். முதலில், எல்லாவற்றுக்கும் மேலே: ஏதாவது விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே நின்று கேட்கவும். ஆக எட்டு வரி. "தொகுத்தவர்" என்ற சொல்லையும் என் பெயரையும் நானே எடுத்துவிட்டேன். அன்று மத்தியானம் கார்த்திக் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அத்தோடு சோதிப்பவராக இருக்கும் தகுதியை இழந்தார்.

முத்திரை

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பாதுகாப்பு அதிகாரி வந்தார். மெலிந்த ஜேர்மன்காரர். முத்திரையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். அவரிடம் செல்வமலர் மொழிபெயர்த்த ஜேர்மன் தாள். வரிகளை எண்ணினார். அங்கும் எட்டு, இங்கும் எட்டு. திருப்தி.

பிறகு, ஆகப் புதிய தொழிலாளி யார் என்று கேட்டார்.

அது தர்சினி. கலியாணம் கட்டி வந்து சில மாதம். முதல் வேலை. வேலைக்குச் சேர்ந்தது முந்திய நாள்தான். எருமையை அவள் கண்டதே இல்லை. றெஜினாவைப் பார்த்தேன். அவருடைய கை சாவிக்கொத்தின் மேல் இருந்தது. சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்திருந்தார்.

விதிப்படி நான் சுவரைப் பார்த்து நின்றேன். அதே மரச் சட்டங்கள்.

தர்சினியின் குரல் மெல்லியது. முதல் வரியை வாசித்தாள். இரண்டாம் வரியை வாசித்து வயரைக் கழற்றினாள். மூன்றாம் வரியை வாசித்தாள்: தண்ணீரும் மருந்தும் அளவாக விடவும்.

எங்கோ ஒரு குழாய் சொட்டியது. எட்டுச் சொட்டு எண்ணினேன்.

"அளவா எண்டா எவ்வளவு அக்கா? எனக்கு விளங்கேல்லை."

என் காதுமடல் சூடாகியது. இந்தத் தாள் பிறந்ததே நுரையால். நுரை வந்ததே அளவால். அந்த அளவை மட்டும் நான் எழுதவில்லை. எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் முழங்கால் அளவு நுரையும் தெரிந்தது. நுரையைக் காணாத ஒருத்திக்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். செல்வமலர் மொழிபெயர்த்தார். அவள் நின்றுவிட்டாள், அவளுக்கு விளங்கவில்லை, கேட்கிறாள்.

தாள் சரசரத்தது. அதிகாரி தன்னுடைய பிரதியின் முதல் வரியை மெதுவாக வாசித்தார். பிறகு சொன்னதைச் செல்வமலர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். இத்தனை வருடத்தில் எத்தனையோ இடங்களில் இந்தச் சோதனையைப் பார்த்திருக்கிறாராம். எல்லா நாட்டவரும் தலையாட்டுவார்களாம், ஜேர்மன்காரர்கள் உட்பட. விளங்கவில்லை என்று நின்ற ஒருவரை இன்றுதான் காண்கிறாராம். அறிவுறுத்தல் அட்சரம் பிசகாமல் பின்பற்றப்பட்டிருக்கிறதாம்.

றெஜினா தர்சினிக்குத் தொட்டியின் உள்ளே கீழ்க்கோட்டைக் காட்டினார். மருந்துப் போத்தலின் மூடியைக் காட்டி, ஒரு மூடி என்றார். மற்ற ஐந்து வரியும் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன. எருமை சுவருக்கு ஒரு எட்டு முன்னால் நின்றது. கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு முத்திரை விழுந்தது.

போகும்போது அதிகாரி, அந்த ஐயா ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டாராம். அவர்தான் எழுதியவர் என்றார் செல்வமலர். அதிகாரி அதுவும் ஒரு விதி என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனாராம்.

மூன்றாம் வரி

திங்கட்கிழமை காலை திருத்திய தாளோடு போனேன். தண்ணீர் கீழ்க்கோடு வரை, மருந்து ஒரு மூடி. எவ்வளவு தெளிவு. றெஜினா அதற்குள் பழைய தாளுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு, நாலு மூலையிலும் திருகாணி முடுக்கியிருந்தார். முத்திரை விழுந்த தாளில் ஒரு சொல்லை மாற்றினால் புது அன்ட்ராக் என்ற விண்ணப்பம், புது டெர்மின் என்ற சந்திப்பு நாள், புதுச் சோதனை. அதற்கு மறுபடி ஒரு புதிய ஆள் வேண்டும்.

நான் கெஞ்சிப் பார்த்தேன். அச்சில் ஒரு பிழை இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு நித்திரை வராது என்றேன்.

"விடுங்கோ அண்ணை," என்றார் றெஜினா. "எல்லாம் தாளிலயே விளங்கிச்செண்டா, என்னை ஆர் கேக்கப் போகினம்?"

அந்தத் தாள் இப்போதும் தொங்குகிறது. நான் எழுதியவற்றில் அதிகம் வாசிக்கப்பட்டது அதுதான். பெயர் இல்லை. போன கிழமைகூட அந்தப் பக்கம் போனேன். புதிதாக வந்த ஒருவர் எருமைக்கு முன்னால் நின்று, விரலை வரிவரியாக வைத்து வாசித்தார். மூன்றாம் வரியில் விரல் நின்றது. சுற்றிப் பார்த்தார். பிறகு நடைபாதைப் பக்கம் திரும்பி, "அக்கா" என்று கூப்பிட்டார்.

இரண்டு மாடிக்கு அப்பால் சாவிகள் குலுங்கத் தொடங்கின.